பக்கத்து மாநிலம்

நவம்பர் 10, ஞாயிறு

டில்லி வந்து சேர்ந்தேன். நிஜாமுதீன் ஸ்டேஷனில் இறங்கும்போது காலை மணி ஏழு. வானம் பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. கண் எரிந்தது. ஆவுடையப்பன் ஒரு முகமூடியைக் கொடுத்து மாட்டிக்கொள்ளச் சொன்னான். என் இரண்டு பெட்டிகளையும் அட்டைப்பெட்டியையும் பார்த்து, "ரெண்டு மாசத்துக்கு இவ்வளவாம்மா?" என்றான். குளிருக்கான துணி என்றேன்.

அட்டைப்பெட்டியில் அவருடைய போட்டோவும் குத்துவிளக்கும்தான் இருக்கின்றன. கோவில்பட்டி வீட்டைப் பதினோரு மாத ஒப்பந்தத்தில் ஒரு மருந்துக்கடைக்காரர் குடும்பத்துக்கு விட்டுவிட்டு வந்திருக்கிறேன். மகனிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். முதலில் பெட்டியைத் திறக்கிறேன்.

மயூர் விஹாரில் மூன்றாவது மாடி. இந்த வீட்டுக்கு ஏப்ரலில்தான் மாறினார்களாம். மருமகள் நித்திலா வாசலில் நின்று என்னைக் கட்டிக்கொண்டாள். இளைத்திருக்கிறாள். பொங்கல் செய்திருந்தாள். பெருங்காயம் எங்கே என்று மூன்று அலமாரியைத் திறந்து பார்த்தாள். வேலைக்குப் போகிற பெண், சமையல்கட்டில் நிற்க எங்கே நேரம்.

நவம்பர் 13, புதன்

பொழுது போகமாட்டேன் என்கிறது. இரண்டு பேரும் எட்டரைக்குக் கிளம்பினால் ஏழு மணிக்கு மேல்தான் வருகிறார்கள். வீட்டைத் துடைத்தேன். பால்கனியைக் கழுவினேன். கீழே இறங்கி, வண்டிக்காரனிடம் விரலைக் காட்டி முள்ளங்கி வாங்கினேன். ஏறி வந்தேன். கொத்தமல்லி வாங்கவில்லையே என்று மறுபடி இறங்கினேன். கொத்தமல்லி வீட்டிலேயே இருந்தது. அவர் போன இந்தப் பதினான்கு மாதமாக என்னால் ஒரு இடத்தில் உட்கார முடிவதில்லை.

எதிர் வீட்டு அம்மாள் படியில் நிறுத்தி ஏதோ சொன்னாள். எனக்கு இந்தி தெரியாது. ஆனால் டெலிபோன் எக்சேஞ்சில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவள்; காதில் விழுந்தது அப்படியே நிற்கும். "ஆப்கி பஹு கோ பெஹ்லி பார் தேக்கா." சிரித்துத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

நவம்பர் 15, வெள்ளி

ஒரு தமிழர் வேன் வைத்துச் சுற்றுலா நடத்துகிறாராம். சனிக்கிழமை காலை கிளம்பினால் ஞாயிறு சாயங்காலம் திரும்பலாம். ஹரியானா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரகண்ட் என்று டில்லியைச் சுற்றியுள்ள ஊர்களையெல்லாம் வாரத்துக்கு ஒன்றாகக் காட்டிவிடுவாராம். எட்டு வாரத்துக்கும் சேர்த்து ஆவுடையப்பன் என் பெயரைக் கொடுத்துவிட்டான். என்னைக் கேட்கவில்லை.

நீங்களும் வாருங்களேன் என்றேன். நித்திலாவுக்குச் சனி ஞாயிறில்தான் ஆபீஸில் வேலை கூடுதல் என்று அவளே சொன்னாள். அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்னதிலிருந்தே அவன் அப்படித்தான். அவன் அப்பா மாதிரி.

நவம்பர் 17, ஞாயிறு

குருக்ஷேத்திரம் போய் வந்தேன். ஹரியானா முழுக்க ஒரே சமதரை, வழியெல்லாம் கடுகு வயல். பெரிய குளம் ஒன்று, இந்தக் கரையிலிருந்து பார்த்தால் அந்தக் கரை புகையில் தெரியவில்லை. மற்றவர்கள் படியில் உட்கார்ந்து ஆரஞ்சு தின்றார்கள். நான் கரையை முழுசாகச் சுற்றி வந்தேன். வேன்காரர் தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

வீடு வந்தபோது நித்திலா அடுப்பங்கரையில் இருந்தாள். காலில் ஷூவைக் கழற்றவில்லை. எனக்குப் பசிக்குமே என்று ஓடி வந்து அடுப்பைப் பற்ற வைத்திருக்கிறாள், பாவம்.

நவம்பர் 24, ஞாயிறு

மதுரா, பிருந்தாவனம். குரங்கு ஒன்று ஒருவருடைய மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு சுவரில் உட்கார்ந்துவிட்டது. பழச்சாறு வாங்கிக் கொடுத்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தது. பால்கோவா வாங்கினேன். நித்திலாவுக்குப் பிடிக்கும்.

நவம்பர் 26, செவ்வாய்

பால்கோவா டப்பா அப்படியே இருக்கிறது. அவள் சாப்பிடவில்லை. இவனும் சாப்பிடவில்லை.

திரும்பிப் போக டிக்கெட் ஜனவரி பத்தாம் தேதிக்குப் போடட்டுமா என்று கேட்டான். அப்புறம் பார்க்கலாம் என்றேன். அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டிசம்பர் 1, ஞாயிறு

ஜெய்ப்பூர். வேனில் பக்கத்து இருக்கையில் கமலவேணி என்றொரு அம்மாள். ஆர்.கே. புரத்தில் நாற்பது வருஷமாக இருக்கிறாராம். பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். நன்றாகப் பேசுகிறார், நிறையவே பேசுகிறார். எனக்குச் சௌகரியமாக இருந்தது.

அங்கே ஒரு கோட்டையில் ஏறும்போது எதிர் வீட்டு அம்மாள் சொன்னதை அவரிடம் ஒப்பித்து, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். "உங்க மருமகளை இப்பத்தான் முதல் தடவையா பாக்கறேன்னு அர்த்தம்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

ஏப்ரலிலிருந்து எட்டு மாதம். எதிரெதிர் வாசல். இந்த ஊரில் யார் யாரைப் பார்க்கிறார்கள், எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டல்லவா இருக்கிறார்கள் என்றேன். அதுவும் சரிதான் என்றார் கமலவேணி.

கோட்டை மேலிருந்து பார்த்தால் ஊர் அழகு என்று சொன்னார்கள். பார்த்தேன். அழகாகத்தான் இருந்திருக்கும்.

டிசம்பர் 5, வியாழன்

அவர்கள் அறையில் தரை துடைக்கப் போனேன். கதவுக்குப் பின்னால் சுருட்டி வைத்த மெத்தை ஒன்று. ஆவுடையப்பனிடம் கேட்டேன். இடுப்பு வலியாம், டாக்டர் தரையில் படுக்கச் சொன்னாராம். எந்த டாக்டர் என்று நான் கேட்கவில்லை. தைலம் தேய்த்துக்கொள் என்றேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

ஆக்ரா. தாஜ்மஹாலைப் பார்த்துவிட்டேன். அதற்கு முன்னால் உள்ள பெஞ்சில் போட்டோ எடுத்துக்கொள்ள ஜோடி ஜோடியாக வரிசையில் நிற்கிறார்கள். வேன்காரர் என்னையும் தனியாக உட்காரச் சொன்னார். மாட்டேன் என்றேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

ஹரித்வார். கங்கைத் தண்ணீர் கத்தி மாதிரி குளிர். கால் வைத்து எடுப்பதற்குள் மரத்துவிட்டது. இழுத்துக்கொண்டு போய்விடாமல் இருக்கச் சங்கிலி கட்டியிருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு மூன்று முங்கு போட்டேன்.

அவரோடு நான் எங்கேயுமே போனதில்லை. பக்கத்தில் ஒரு தம்பதி, கரையிலிருந்து அவள் ஏதோ கத்த, தண்ணீரிலிருந்து அவர் ஏதோ கத்த, ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வந்திருந்தால் என்ன பேசியிருப்போம் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

டிசம்பர் 21, சனி

இன்று ராஜஸ்தானில் அல்வர் போவதாக இருந்தது. மானேசர் தாண்டியதும் பனிமூட்டம். முன்னால் போகிற லாரியின் விளக்குகூடத் தெரியவில்லை. மூன்று மணி நேரம் ஓரமாக நின்றோம். பிறகு வேன்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திருப்பிவிட்டார். வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்று.

ஆவுடையப்பன் கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் வழியை விடாமலே நின்றான். பிறகு நகர்ந்தான். அடுப்பில் ஒரு ஆளுக்குச் சோறு. நித்திலா ஆபீஸ் போயிருக்கிறாள் என்றான்.

குளிக்கப் போனேன். அவள் துண்டு இல்லை. பிரஷ் இல்லை. சீப்பு இல்லை. கண்ணாடிக்கு முன்னால் எப்போதும் இருக்கிற அந்தச் சின்னப் பொட்டு அட்டைகூட இல்லை. ஆபீஸுக்கு எதற்குப் பொட்டு அட்டை?

வெளியே வந்து துணி மடித்தேன். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

சாயங்காலம் பால்கனியில் நின்றிருந்தேன். ஐந்தரைக்கு ஒரு ஆட்டோவிலிருந்து நித்திலா இறங்கினாள். கையில் சக்கரம் வைத்த பெட்டி. நேராக மேலே வரவில்லை. கேட்டுக்குப் பக்கத்துச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, தலையைக் கையில் தாங்கிக்கொண்டு அப்படியே இருந்தாள். பத்து நிமிஷமாவது இருக்கும். பிறகு எழுந்து, முடியைச் சரிசெய்து, துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு படியேறினாள்.

நான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். வந்ததும் சிரித்தாள். ஆபீஸிலிருந்து நேராக வருவதாகச் சொன்னாள். அப்படியா அம்மா என்றேன்.

டிசம்பர் 24, செவ்வாய்

நித்திலாவுக்குக் காய்ச்சல். தொட்டால் சுடுகிறது. லீவு போடு என்றால் கேட்கவில்லை. சாயங்காலம் வந்து சப்பாத்திக்கு மாவு பிசைந்தாள். நான் பிடுங்கிக்கொண்டேன்.

டிசம்பர் 27, வெள்ளி

காய்ச்சல் விடவில்லை. ஆபீஸ் வேலையாக வெளியூர் என்று சொல்லி, அப்படியே பெட்டியை இழுத்துக்கொண்டு காலையில் கிளம்பிவிட்டாள். ஆவுடையப்பன் படிவரை வந்து நின்றான். பெட்டியை நான் தூக்கி வரட்டுமா என்றுகூட அவன் கேட்கவில்லை. கேட்க நினைத்தான் என்று நினைக்கிறேன். கை முன்னால் வந்தது. அவள் அதற்குள் இறங்கிவிட்டாள்.

நாளைக்குப் பரத்பூர், பறவை பார்க்க. வழிக்கு என்று சொல்லி ஃபிளாஸ்க் எடுத்து வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 28, சனி

நிறைய எழுத வேண்டும்.

ஆறு மணிக்கு மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் என்னை இறக்கிவிட்டு ஆவுடையப்பன் போய்விட்டான். வேன் அங்கேதான் வரும். நான் வேன்காரருக்குப் போன் செய்து, உடம்பு சரியில்லை, வரவில்லை என்றேன். ஏழு மணிவரை நின்றேன், தூங்குகிற பிள்ளையை எழுப்ப வேண்டாம் என்று. பிறகு நித்திலாவுக்குப் போன் போட்டேன்.

"கஞ்சி வச்சு ஃபிளாஸ்க்ல எடுத்தாந்துருக்கேன். நீ இருக்க எடத்துக்கு எந்த ஸ்டேஷன்ல எறங்கணும்?" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வயர் அறுந்துவிட்ட அமைதி வேறு, ஆள் இருந்தும் பேசாத அமைதி வேறு. எனக்கு இரண்டும் தெரியும். காத்திருந்தேன்.

"நொய்டா செக்டர் பதினாறு, அத்தை" என்றாள்.

நாலாவது ஸ்டேஷன். ஏறி உட்கார்ந்து பையை மடியில் வைப்பதற்குள் வந்துவிட்டது. பாதி வழியில் டில்லி முடிந்து உத்தரப் பிரதேசம் வந்துவிடும் என்று பிறகு அவள்தான் சொன்னாள். இதே மாநிலத்தைப் பார்க்கத்தான் மதுராவுக்கும் ஆக்ராவுக்கும் மணிக்கணக்காக முதுகு வலிக்க வேனில் போனேன்.

ஸ்வெட்டரும் மஃப்ளருமாக ஸ்டேஷனுக்கே வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

ஒரு அறை, ஒரு சமையல் மேடை, துணி காயப்போட ஒரு ஜன்னல். அவளுடைய சாமான் எல்லாம் அங்கே இருந்தது. புத்தகங்கள், தையல் மெஷின், கல்யாணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்த இட்லிச் சட்டி. பெருங்காய டப்பா அடுப்புக்குப் பக்கத்தில், கை எட்டும் இடத்தில்.

கஞ்சியை ஊற்றிக் கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரை ஒன்றும் கேட்கவில்லை. உண்மையைச் சொல்வதானால், கஞ்சி கொடுக்க மட்டும் நான் போகவில்லை. இரண்டு வார்த்தை சொல்லி, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்ற எண்ணம் அடியில் இருந்தது. அவள் இல்லாவிட்டால் அந்த வீட்டில் எனக்கு என்ன இடம்? கோவில்பட்டியில் வேறொருவர் அடுப்பு எரிகிறது. அதையும் நினைத்துக்கொண்டுதான் போனேன்.

அவளே சொன்னாள். பிரிந்து ஒன்றரை வருஷம் ஆகிறதாம். அவர் இறந்து நாங்கள் எல்லோரும் கோவில்பட்டியில் ஒரே வீட்டில் இருந்தோமே, அப்போதே இவர்கள் தனித்தனி வீடுதான். டில்லியிலிருந்து ஒரே விமானத்தில் வந்து, துக்க வீட்டில் புருஷன் பெண்டாட்டியாக நின்றிருக்கிறார்கள். இரண்டு பேரும் சம்மதித்துக் கோர்ட்டில் மனுப் போட்டாயிற்று. ஜனவரி இருபதாம் தேதி கடைசி முறையாக நீதிபதி முன்னால் போய்ச் சொல்ல வேண்டும். நான் வருகிறேன் என்றதும், இரண்டு மாதம் மட்டும் வந்து இருக்க முடியுமா என்று இவன் அவளைக் கேட்டிருக்கிறான். சனி ஞாயிறு மட்டும் தன் அறைக்கு வந்துவிடுவேன் என்பது அவள் வைத்த ஒரே நிபந்தனை. அதற்காகத்தான் எனக்குக் குருக்ஷேத்திரமும் ஜெய்ப்பூரும்.

எனக்குக் கோபம் வந்தது. அறுபத்தொரு வயதுக்காரியைச் சின்னக் குழந்தை மாதிரி பலூனைக் காட்டி அந்தப் பக்கம் திருப்பியிருக்கிறார்கள். அப்படி என்னதான் சண்டை என்று கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டேன்.

"சண்டையே இல்ல அத்தை. சண்டை போட்டாத்தான் தேவலையே. அவர் பேச மாட்டார். கோவம்னாலும் பேச மாட்டார், சந்தோஷம்னாலும் பேச மாட்டார். ஒரு தடவை பதினெட்டு நாள் பேசலை. எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நான் என்ன பண்ணினேன், என்ன பண்ணினேன்னு யோசிச்சு யோசிச்சு, ஒருநாள் பஸ்ல தனியா பேசிட்டு வந்தேன். பக்கத்துல இருந்தவங்க எழுந்து வேற சீட்டுக்குப் போயிட்டாங்க."

என்னால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவர் என்னோடு நாற்பது நாள் பேசாமல் இருந்திருக்கிறார். இது யாருக்கும் தெரியாது, இந்த நோட்டிலும் எழுதியதில்லை. நல்ல மனிதர், குடியில்லை, அடியில்லை என்று நானும் சொன்னேன், ஊரும் சொன்னது. எனக்கு எக்சேஞ்ச் இருந்தது. தினமும் எட்டு மணி நேரம், மதுரையும் தூத்துக்குடியும் சாத்தூரும் என் காதில் பேசிக்கொண்டே இருந்தன. கூட வேலை பார்த்தவர்கள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். அதை வைத்துத்தான் வீட்டில் காலத்தை ஓட்டியிருக்கிறேன். இந்தப் பிள்ளைக்கு அப்படி ஒன்றும் இருக்கவில்லை.

அவன் சின்ன வயதில், ஊமைக் கோட்டான் மாதிரி எவ்வளவு சமர்த்து என்று அக்கம்பக்கத்தில் பெருமையடித்ததும் நான்தான்.

பிறகு ஏன் வந்து இருக்கச் சம்மதித்தாய் என்று கேட்டேன்.

"அவர் கேட்டார் அத்தை. ஆறு வருஷத்துல அவர் வாயைத் திறந்து என்கிட்ட எனக்கு இது வேணும்னு கேட்டது அது ஒண்ணுதான்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ மெத்தையைத் தடியால் அடித்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தார்கள். அது முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று வைத்திருந்த வார்த்தையெல்லாம் என்னிடம் இல்லாமல் போயிருந்தது.

"நாளைக்கு வர வேண்டாம்மா. இனிமே வர வேண்டாம்" என்றேன். அழுதாள். நான் அழவில்லை. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

நேற்று மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆவுடையப்பன் பரத்பூரில் என்ன ஆயிற்று என்றான். நொய்டா போய் வந்தேன் என்றேன்.

சோபாவில் உட்கார்ந்தான். தரையைப் பார்த்தான். சாயங்காலம் வரைக்கும் பார்த்தான். நானும் அறைக்குள் போய்விட்டேன், பழக்கம். நாற்பது வருஷப் பழக்கம். ராத்திரி இரண்டு பேரும் மோர் சோறு சாப்பிட்டு, ஆளுக்கொரு அறையில் படுத்துக்கொண்டோம்.

இன்று காலை எழுந்து பல் தேய்க்கும்போது, இப்படியே விட்டால் இது இன்னும் இருபது வருஷம் ஓடும் என்று தோன்றியது. காபியை அவன் முன்னால் வைத்துவிட்டு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முதலில் என் பொய்யைச் சொன்னேன். வீட்டை வாடகைக்கு விட்டது, இங்கேயே இருந்துவிடலாம் என்று வந்தது, அட்டைப்பெட்டியில் இருப்பது எல்லாவற்றையும். அவன் தலையை ஆட்டினான்.

"தலைய ஆட்டாத. வாயத் தொறந்து சொல்லு. ஒங்கப்பாகிட்ட இதை நான் ஒருநாளும் கேட்டதில்ல, ஒங்கிட்டக் கேக்கேன்" என்றேன்.

காபி ஆறி ஆடை படிந்துவிட்டது. நான் எழுந்திருக்கவில்லை. ஹிந்துஸ்தானம் முழுக்கச் சுற்றி ஓடி வந்த கால், ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தது.

"அவள வரச் சொன்னது ஒனக்காக இல்லம்மா" என்றான் கடைசியில். "ஒன்னையச் சொன்னா வருவான்னுதான். வந்து ரெண்டு மாசம் இருந்தா அவளுக்குப் பழகிரும், இருந்துருவான்னு நெனச்சேன்."

"அதை அவகிட்டச் சொன்னியா?"

இல்லை என்று தலையாட்டப் போனவன், என்னைப் பார்த்துவிட்டு, "சொல்லல" என்றான்.

ஜனவரி 5, ஞாயிறு

சுற்றுலாவுக்குப் போகவில்லை. ஆவுடையப்பன் பத்து மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினான். எங்கே என்று கேட்கவில்லை. நான் சொல்லியும் அனுப்பவில்லை. பன்னிரண்டரைக்குத் திரும்பி வந்தான்.

"சொல்லிட்டேம்மா" என்றான்.

அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். முழுசாகக் கேட்டுக்கொண்டாளாம். டீ போட்டுக் கொடுத்தாளாம். இருபதாம் தேதி பத்தரைக்கு அங்கே இருக்கணும், மறந்துராதீங்க என்றாளாம்.

அவனுக்கு அப்பளம் பொரித்தேன். நான்கு தின்றான்.

ஜனவரி 9, வியாழன்

என்னைக் கேட்காமலே நாளைக்குப் போட்டிருந்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்டான். மருந்துக்கடைக்காரர் ஒப்பந்தம் முடியும்வரை இங்கே இருப்பேன் என்று பேசியிருக்கிறோம். பேசியிருக்கிறோம் என்றால் உண்மையிலேயே பேசினோம். அவன் ஏழு வாக்கியம் சொன்னான். அட்டைப்பெட்டியிலிருந்த அவருடைய போட்டோவுக்கு ஆணி அடித்தாயிற்று.

ஜனவரி 20, திங்கள்

கையெழுத்தாகிவிட்டது.

நித்திலா மத்தியானம் போன் செய்தாள். முடிந்துவிட்டது அத்தை என்றாள். அத்தை என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள். அப்படியே கூப்பிடு, வேறு என்னவென்று கூப்பிடுவாய் என்றேன். புனேயில் வேலை கிடைத்திருக்கிறதாம், மார்ச்சில் போகிறாள். இட்லிச் சட்டியை எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டாள். அது உன்னுடையதுதானே என்றேன்.

ஆவுடையப்பன் நாலு மணிக்கு வந்தான். ஷூவைக் கழற்றாமல் சமையல்கட்டு வாசலில் நின்றான். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். திடீரென்று பேச ஆரம்பித்தான். கோர்ட்டு வராந்தாவில் பெஞ்சு இல்லை, ஒன்றரை மணி நேரம் நின்றோம் என்றான். வக்கீலுக்கு ஓயாத இருமல். நீதிபதி இரண்டு பேரையும் பார்த்து, யோசித்துத்தான் முடிவு செய்தீர்களா என்று கேட்டார். அவள் ஆமாம் என்றாள். அவனும் ஆமாம் என்றான். வெளியே வந்ததும் அவளுக்குத் தாகமாக இருந்தது, இவன் போய்த் தண்ணீர் பாட்டில் வாங்கி வந்தான், மூடி திறக்க வரவில்லை, அவள்தான் திறந்தாள். அவள் பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தாள். சிம்லாவில் அவன் வாங்கிக் கொடுத்தது. கல்யாணமான புதிதில். அன்றைக்கு அங்கே பனி விழுந்தது, அவனுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, அதுபோல ஒருநாளும் இருந்ததில்லை.

ஒரு மணி நேரம் சொன்னான். கீரை ஆய்ந்து முடிந்து, ஆய்ந்த கீரையையே மறுபடி ஆய்ந்துகொண்டிருந்தேன்.

நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தான். "இதையெல்லாம் அவகிட்டச் சொல்லிருக்கலாம்லம்மா" என்றான்.

சொல்லியிருக்கலாம் என்றேன். ஷூவைக் கழற்றிவிட்டு வந்து உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தான். சிம்லாவில் வேறென்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன்.